சரீரம் இளைத்ததால் சாரீரம் போனதா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஓப்பரா என்கிற மேற்கத்திய இசை நாடகத்தில் பாடிப் புகழ்பெற்ற மரியா காலஸ் ஏறக்குறைய முப்பது கிலோ எடையைக் குறைத்ததால்தான் குரல் கெட்டு, 41 வயதிலேயே ஓப்பரா மேடையை விட்டு இறங்க வேண்டி வந்ததா? கேள்வியின் அடியில் இன்னொரு வரியும் போகிறபோக்கில் போட்டிருக்கிறீர்கள்: நானும் ஓப்பரா பாட்டுக் கற்றுக்கொள்கிறேன், டாக்டர் பதினைந்து கிலோ குறைக்கச் சொல்கிறார் என்று. எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் கேள்வி, காலஸ் அதற்கு ஒரு சாக்கு என்று படுகிறது. இருந்தாலும் காலஸ் கதையை முதலில் பார்த்துவிடுவோம். அதை வருஷ வரிசைப்படி சொன்னாலே உங்கள் பயம் பாதி இறங்கிவிடும்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சின்ன வயதில் பத்து வருஷம் கர்நாடக சங்கீதம். பிறகு மேற்கத்தியக் குரலிசைக்கு மாறி, இருபத்திரண்டு வருஷமாக அதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மருத்துவர் அல்ல; யாருடைய குரல்வளைக்குள்ளும் கேமரா விட்டுப் பார்த்ததில்லை. காதும், மாணவர்களின் விலா எலும்பில் வைக்கிற கையும்தான் என் கருவிகள். காலஸை நேரில் கேட்கும் வயதும் எனக்கில்லை. பதிவுகளை வைத்துத்தான் சொல்கிறேன். மைக் ஒரு குரலின் பருமனைச் சரியாகக் காட்டாது. பாடுவது பெரிய குரலா சின்னக் குரலா என்பது அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சந்தேகமே இல்லாதவற்றிலிருந்து தொடங்குகிறேன். காலஸ் 1923 டிசம்பர் 2 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். கிரேக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், அப்பா மருந்துக்கடைக்காரர். கலோஜெரோபூலோஸ் என்ற குடும்பப் பெயர் அமெரிக்கர் வாயில் நுழையாததால் காலஸ் ஆயிற்று. 1937இல் அம்மா காலஸைக் கூட்டிக்கொண்டு ஏதென்ஸுக்குத் திரும்பினார். அங்கே கிடைத்த குருதான் எல்விரா தே இடால்கோ என்ற ஸ்பானிய சோப்ரானோ, அதாவது உயர்ந்த சுருதியில் பாடும் பாடகி. காலை பத்து மணிக்கு வகுப்புக்குப் போனால் மாலை வரை அங்கேயே உட்கார்ந்து, மற்ற மாணவர்கள் பாடுவது முழுவதையும் காலஸ் கேட்டுக்கொண்டிருப்பார். சுமாராகப் பாடுகிற மாணவரிடம்கூட நமக்கு வராத ஒன்று இருக்கும் என்று பிற்காலத்தில் அதற்குக் காரணம் சொன்னார். நம் ஊர் குருகுலவாசம் மாதிரிதான். இதை என் மாணவர்களிடம் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தன் முறை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இனி வயதைக் கவனியுங்கள். பதினைந்து வயதில் மாணவர் அரங்கில் 'கவல்லேரியா ருஸ்டிகானா'வின் சாந்துஸ்ஸா. பதினெட்டில், 1942இல், 'டோஸ்கா'. இருபதில் பீத்தோவனின் 'ஃபிதேலியோ'. மூன்றுமே வளர்ந்து முதிர்ந்த குரல்கள் எடுக்கும் பாத்திரங்கள். இன்று ஒரு பதினெட்டு வயதுப் பெண் என்னிடம் வந்து டோஸ்கா பாட வேண்டும் என்றால், முப்பது ஆகட்டும், வா என்பேன். அது போர்க்காலம், ஜெர்மானியரும் இத்தாலியரும் ஏதென்ஸைப் பிடித்து வைத்திருந்த பட்டினிக் காலம். மேடை கிடைத்தால் பாடினார்கள், அவ்வளவுதான்.

1947 ஆகஸ்ட் 2 அன்று இத்தாலியில் முதல் மேடை. வெரோனாவின் ரோமானியர் காலத்துத் திறந்தவெளி அரங்கில் 'லா ஜியோகோண்டா', நடத்துநர் (ஆர்க்கெஸ்ட்ராவையும் பாடகர்களையும் கையசைத்து நடத்துபவர்) துல்லியோ செராஃபின். அவர்தான் காலஸின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டவர். அடுத்த இரண்டு வருஷம் காலஸ் பாடியது வாக்னரின் இசோல்டே, பிரன்ஹில்டே, புச்சினியின் டுராண்டாட். ஓப்பராவில் இவையெல்லாம் பாறை உடைக்கிற வேலை. மைக் கிடையாது. அறுபது எழுபது வாத்தியங்களைத் தாண்டிக் குரல் போக வேண்டும்.

1949 ஜனவரியில் வெனிஸில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பதிலின் அச்சாணி அதில்தான் இருக்கிறது. காலஸ் அங்கே வாக்னரின் 'வால்கியூர்' ஓப்பராவில் பிரன்ஹில்டே பாடிக்கொண்டிருந்தார். அதே அரங்கில் அடுத்து பெல்லினியின் 'பியூரிடன்கள்' இருந்தது. அதில் பாட வேண்டிய மார்கெரிதா கரோசியோ காய்ச்சலில் படுத்துவிட்டார். காலஸ் ஏதோ பொழுதுபோக்காக அந்த ஓப்பராவிலிருந்து ஒரு பாட்டைப் பாடிப் பார்த்ததை செராஃபினின் மனைவி கேட்டிருக்கிறார். மறுநாள் காலை செராஃபின் கூப்பிட்டனுப்பினார். பாடு என்றார், பாடினார். ஒரு வாரத்தில் இந்தப் பாத்திரத்தை நீ பாட வேண்டும் என்றார். கடைசி பிரன்ஹில்டேவுக்கு மூன்று நாள் கழித்து, ஜனவரி 19 அன்று, 'பியூரிடன்கள்' நாயகி எல்விராவாக மேடையேறினார்.

இதன் அருமை நம் கணக்கில் சொன்னால்தான் புரியும். பிருகா சாரீரம் என்று நாம் சொல்வோமே, அந்த மாதிரி சரசரவென்று இழையும் லேசான குரலுக்கு எழுதியது எல்விரா. பிரன்ஹில்டே அதற்கு நேர் எதிர். கனமான இரும்புக் குரல் கேட்பது. பயில்வானாகக் கோதாவில் இறங்கியவர், அதே வாரத்தில் சலங்கை கட்டி ஆடியதுபோல. இத்தாலி வாயைப் பிளந்தது. காலஸின் புகழ் அங்கிருந்துதான் பிடித்தது. இரண்டையும் ஒரே தொண்டையில் வைத்திருக்க முடியும் என்று அவர் காட்டிய பிறகு அடுத்த சில வருஷம் யாரும் அவரைச் சும்மா விடவில்லை. அவரும் தன்னைச் சும்மா விடவில்லை. 1951இல் மெக்சிகோ நகரில் 'ஐடா'வின் வெற்றி ஊர்வலக் காட்சியில், வெர்டி எழுதாத ஒரு உச்ச ஸ்வரத்தை, மேல் ஈ ஃபிளாட்டை, மொத்தக் கோரஸுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் மேலே எடுத்து நிறுத்தினார். பதிவு இருக்கிறது. அது எவ்வளவு உயரம் என்றால், ஐந்தரைக் கட்டையில் பாடும் ஒரு பெண் தார ஸ்தாயி பஞ்சமத்தைத் தொடுகிறார் என்று வையுங்கள். அங்கிருந்து சரியாக இன்னொரு முழு ஸ்தாயி மேலே. அந்தச் சுருதியில் குரல்நாண்கள் வினாடிக்கு சுமார் 1,245 தடவை சேர்ந்து பிரிய வேண்டும். அதைத் தொட்டுவிட்டு இறங்குவது ஒன்று. கூட்டத்தை வாயடைக்க வைக்கிற பலத்தோடு பிடித்து நிறுத்துவது வேறு.

மேடையில்தான் இப்படி என்றால் ஒத்திகையிலும் அவர் குரலைச் சேமிக்கவில்லை. பல பாடகர்கள் ஒத்திகையில் முணுமுணுத்து அடையாளம் காட்டிவிட்டுப் போவார்கள். இவர் முழுக்குரலில் பாடுவார். கடுமையான கிட்டப்பார்வை வேறு. மேடையில் கண்ணாடி போட முடியாது. நடத்துநரின் கை தெரியாது. அதனால் மற்றவர்களின் பகுதி உட்பட எல்லாம் மனப்பாடம். அந்த உழைப்பைப் பற்றிப் படிக்கும்போது மரியாதையும் வரும், ஒரு வாத்தியாராக வயிற்றையும் கலக்கும். பாடகர் வட்டியில்தான் செலவழிக்க வேண்டும், அசலில் கை வைக்கக்கூடாது என்று எங்கள் துறையில் சொல்வார்கள். காலஸ் இருபது வயதிலேயே அசலில் கை வைத்தவர்.

எடை விஷயம் இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. 1952 முடியும்போது அவர் 90 கிலோவுக்கு மேல். 1954 ஆரம்பத்தில் 65ஐ ஒட்டி. ஏன் குறைத்தார் என்பதற்கு அவரே சொன்ன காரணம் கலை சம்பந்தப்பட்டது: 1953இல் 'மெடீயா' பாடியபோது முகத்தில் கோபமும் கொடூரமும் தெரிய வேண்டும், சதை தடித்த தாடையில் அது வரவில்லை என்று. எப்படிக் குறைத்தார் என்பதில்தான் ஊர் முழுக்கக் கதை. நாடாப்புழுவை வேண்டுமென்றே விழுங்கினார் என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதற்கு நம்பும்படியான ஆதாரம் எதுவும் இல்லை. ரோமில் ஒரு பாஸ்தா கம்பெனி, எங்கள் பாஸ்தாவைத் தின்றுதான் இளைத்தார் என்று விளம்பரம் போட்டதும், காலஸ் அவர்கள்மேல் வழக்குப் போட்டதும் மட்டும் நிஜம். பாஸ்தாவைச் சாப்பிட்டு முப்பது கிலோ குறைவதென்றால் நாமெல்லாம் எப்போதோ ஈர்க்குச்சி ஆகியிருப்போம்.

இளைத்த பிறகு என்ன நடந்தது? இங்கேதான் பிரபலமான கதை தடுக்கி விழுகிறது. குரல் உடனே போகவில்லை. பலர் அவருடைய உச்சம் என்று சொல்லும் இரவுகள் இளைத்த பிறகுதான் வந்தன. 1955 மார்ச்சில் மிலானின் லா ஸ்காலா அரங்கில் பெர்ன்ஸ்டைன் நடத்திய 'லா சொன்னாம்புலா'. அதே வருஷம் மே 28 அன்று விஸ்கோந்தி இயக்கிய 'லா ட்ராவியாட்டா'. செப்டம்பரில் கராயான் நடத்த, பெர்லினில் 'லூசியா'. 1957 ஏப்ரலில் 'அன்னா பொலேனா'. எல்லாவற்றுக்கும் நேரடிப் பதிவுகள் உண்டு. பெர்லின் 'லூசியா'வில் அறுவர் சேர்ந்து பாடும் பகுதி முடிந்ததும் கூட்டம் விடவில்லை. கராயான் அதை மறுபடி பாட வைத்தார். குரல் போன ஒருவரின் கச்சேரி அல்ல அது.

அதேபோல, இளைப்பதற்கு முன்பே குறை இருந்தது. 1952 செப்டம்பரில் டூரினில் பதிவான 'லா ஜியோகோண்டா'வைக் கேளுங்கள். காலஸ் அப்போது நல்ல பருமன். குரல் காட்டாறு மாதிரி வருகிறது. ஆனால் மேலே போய்ச் சத்தமாக நிறுத்துகிற இடங்களில் ஸ்வரம் லேசாக ஆட ஆரம்பித்திருப்பது காதில் விழும்.

ஆட்டம் என்று நான் சொல்வதை விளக்கிவிட வேண்டும். ஓப்பராக் குரலில் நீண்ட ஸ்வரங்களில் வினாடிக்கு ஐந்திலிருந்து ஏழு தடவை வரை ஒரு மெல்லிய அதிர்வு இருக்கும். நாம் நினைத்துப் போடுகிற கமகம் மாதிரி அல்ல. குரல் ஆரோக்கியமாக ஓடினால் தானாக வருவது. அதன் பெயர் விப்ராட்டோ. அது மெதுவாகி, ஏற்ற இறக்கமும் அகலமாகிவிட்டால் அதை வாபிள் என்பார்கள். சைக்கிள் சக்கரம் சரியாக இருக்கும்போது சுற்றுவதே தெரியாது. ரிம்மில் கோட்டம் விழுந்துவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் கட்டையில் உரசும் இல்லையா, அது மாதிரி. கோட்டம் ஒரே நாளில் விழுவதில்லை. ஏகப்பட்ட பாரம் ஏற்றி, மேடு பள்ளத்தில் ஓட்டியிருப்பீர்கள். கம்பிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்திருக்கும்.

எங்கள் வகுப்பில் ஒரு பயிற்சி செய்வதுண்டு. 'நோர்மா'வை காலஸ் இரண்டு முறை ஸ்டுடியோவில் பதிவு செய்திருக்கிறார், 1954இலும் 1960இலும், இரண்டுக்கும் செராஃபின்தான் நடத்துநர். நோர்மா அவர் வாழ்க்கையில் அதிகம் பாடிய பாத்திரம், மேடையில் மட்டும் சுமார் 90 முறை. அதில் 'காஸ்டா தீவா' என்ற பாட்டு. மேல் ஏ ஸ்வரத்தில் திரும்பத் திரும்ப, தாளத்துக்குக் குறுக்கே தட்டித் தட்டி நின்று, குரலைப் பெருக்கிக்கொண்டே போய் பி ஃபிளாட்டில் ஏறி வழியும். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வேன். ஸ்வரம் எப்படி அசைகிறதோ அப்படி விரலைக் காற்றில் அசைக்கச் சொல்வேன். 1954 பதிவுக்கு விரல்கள் நடுங்கினாற்போல் நிற்கும். 1960 பதிவில் அந்த பி ஃபிளாட் வரும்போது பத்துப் பேர் விரலும் அலை மாதிரி மேலும் கீழும் போகும். ஒருவரை ஒருவர் பார்க்காமலே எல்லோருக்கும் ஒரே அலை. அதன்பின் நான் ஒரு கேள்வி கேட்பேன்: இரண்டு பதிவிலும் அவர் உடம்பு எடை என்ன? இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 1954 பதிவு ஏப்ரல் மே மாதங்களில் நடந்தது, அப்போதே இளைத்துவிட்டார். அப்படியென்றால் இடையில் மாறியது வேறு ஏதோ.

எடைக் கட்சியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மாட்டேன். அவர்கள் பக்கத்தில் வலுவான ஒரு சாட்சி உண்டு: ஜோன் சதர்லேண்ட். 1952இல் லண்டன் கோவெண்ட் கார்டனில் காலஸ் நோர்மாவாகப் பாடியபோது சதர்லேண்ட் அதே மேடையில் தோழி க்ளோதில்டேவாகச் சின்ன வேஷத்தில் நின்றவர். பின்னாளில் தானே உலகப் புகழ் பெற்ற நோர்மா. இளைப்பதற்கு முன் அந்தக் குரலின் பருமனே வேறு, பிறகு அந்தப் பெரிய ஒலியைத் தாங்கி நிறுத்த காலஸால் முடியவில்லை என்பது அவருடைய கருத்து. பக்கத்தில் நின்று கேட்ட, அதுவும் அந்த வித்தை தெரிந்த காது. நான் பதிவில் கேட்பதைவிட அதற்கு எடை அதிகம். ஆனால் அவர் சொன்னது ஒலியின் அளவு, தாங்கும் சக்தி பற்றி. காரணம் கொழுப்பு குறைந்ததா, தசை குறைந்ததா, இடையில் கழிந்த வருஷங்களா என்பதைக் காது பிரித்துச் சொல்லாது.

கொழுப்புக்கு ஒலி கிடையாது. இதை மட்டும் பயப்படாமல் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒலி பிறப்பது குரல்நாண்களில், வளர்வது தொண்டை, வாய்க் குழிகளில். வயிறு என்ன செய்கிறது என்றால், காற்றை அளந்து விடுகிறது. மூச்சை இழுக்கும்போது, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கும், விலா விரியும். பாடும்போது அது எல்லாம் டபக்கென்று பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும்; அதைத் திரும்ப விடாமல், வயிற்றுத் தசையும் விலாத் தசையும் உதரவிதானமும் ஒன்றோடொன்று இழுபறி செய்துகொண்டே காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். இத்தாலியர்கள் இதை அப்போஜியோ என்பார்கள், சாய்ந்து நிற்பது என்று அர்த்தம். நம் குருமார்கள் நாபியிலிருந்து பாடு என்றதும் கிட்டத்தட்ட இதைத்தான். பருமனான ஒருவர் பல வருஷம் பாடியிருந்தால், சாய்வதற்கு அந்த உடம்பின் பாரத்தையே ஒரு சுவராக எடுத்துப் பழகியிருப்பார். ஒன்றரை வருஷத்தில் அந்தச் சுவரை எடுத்துவிட்டால், உடம்பு புதிய அடையாளங்களைத் தேட வேண்டும். பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் கொழுப்போடு தசையும் போகும். அதனால் எடைக் குறைப்பு காலஸுக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே காரணம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காலஸே கடைசிக் காலத்தில் சொன்னதும் இதற்கு ஒத்துப்போகிறது. தன் குரல்நாண்கள் நன்றாகவே இருக்கின்றன, போனது உதரவிதானத்தின் பலம், அதனால் துணிச்சலும் போயிற்று, ஈடுகட்டக் குரலை வருத்தியதில் ஆட்டம் வந்தது என்பது அவர் விளக்கம். கடைசியில் சொன்ன துணிச்சல் என்பதை யாரும் கவனிப்பதில்லை. மேல் ஸ்வரத்துக்கு ஏறும் முன் வருமா வராதா என்று ஒரு கணம் யோசித்தவர் அனைவருக்கும் தெரியும், அந்த யோசனையே விலாவை இறுக்கிவிடும்.

இன்னொரு விளக்கம் 2002இல் வந்தது. 1975இல் காலஸைப் பார்த்த இத்தாலிய மருத்துவர் ஒருவர், அவருக்கு டெர்மடோமயோசைட்டிஸ் இருந்தது என்றார். தசைகளில் அழற்சி உண்டாக்கிப் பலத்தைக் கரைக்கும் நோய் அது. பின்னர் 2010 வாக்கில் பொலோன்யாவைச் சேர்ந்த குரல் ஆய்வாளர்கள் பழைய பதிவுகளையும் படங்களையும் ஆராய்ந்து, அந்த நோய் இருந்திருந்தால் கேட்கும் குறைகளோடு பொருந்துகிறது என்றார்கள். பொருந்துகிறதுதான். உதரவிதான பலம் போயிற்று என்று காலஸ் சொன்னதற்கும் இது விடை. ஆனால் நோய் கண்டது 1975இல். ஆட்டம் கூடியது 1950களின் கடைசியில். இடையில் பதினைந்து வருஷத்துக்கு மேல் கிடக்கிறது. நல்ல யூகம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதுதான் நியாயம்.

கிரேக்கக் கப்பல் முதலாளி ஒனாசிஸ் மேல் வைத்த காதலில் காலஸ் குரலைத் தொலைத்தார் என்ற சினிமாக் கதையும் ஒன்று உண்டு. தேதிகள் அதற்கு ஒத்துவரவில்லை. ஒனாசிஸின் கப்பலில் காலஸ் பயணம் போனது 1959 கோடையில். அதற்கு முன்பே, 1958 ஜனவரி 2 அன்று, ரோமில் இத்தாலிய ஜனாதிபதி முன்னிலையில் 'நோர்மா' முதல் அங்கம் முடிந்ததும் குரல் கட்டி, மேற்கொண்டு பாட மாட்டேன் என்று நிறுத்திவிட்டார். மாற்றுப் பாடகரை அரங்கத்தார் ஏற்பாடு செய்து வைத்திருக்கவில்லை. பழி முழுக்க இவர் தலையில். ஜனாதிபதியை அவமதித்தார் என்று பத்திரிகைகள் கிழித்தன. பல வருஷம் கழித்து நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னபோது யார் படித்தார்கள்? அதே 1958 நவம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓப்பரா அவருடைய ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அதிலும் காரணம் ஒரு வகையில் இதுதான். கனமான லேடி மேக்பெத்தையும், 'லா ட்ராவியாட்டா'வின் லேசான வயலெட்டாவையும் மாற்றி மாற்றிப் பாடச் சொன்னார்கள், என் குரல் என்ன லிஃப்டா என்று மறுத்தார். 1949இல் வெனிஸில் அதைத்தான் செய்தார், ஊர் கொண்டாடியது. பத்து வருஷம் கழித்து முடியாது என்றார், திமிர் என்றார்கள்.

ஒனாசிஸ் வந்தபின் மாறியது வேறொன்று: பாடுவது குறைந்தது. 1962இல் மேடையில் ஓப்பரா என்றால் இரண்டே இரண்டு 'மெடீயா'. 1963இல் எதுவுமே இல்லை. அதிகம் பாடித் தேய்ந்த குரல் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். சில வாரம் என்றால் சரி. வருஷக் கணக்கில் விட்டுவிட்டு முப்பத்தொன்பது, நாற்பது வயதில் திரும்பி வந்தால் தசை மறந்திருக்கும். 1964இல் லண்டன் கோவெண்ட் கார்டனில் 'டோஸ்கா' பாடத் திரும்பினார். இரண்டாம் அங்கம் படமாகவே இருக்கிறது, கருப்பு வெள்ளையில், எதிரே வில்லனாகத் தீத்தோ கோபி. 'விஸ்ஸி தார்த்தே' பாட்டின் உச்ச ஸ்வரம் ஆடுகிறது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கோபியைக் குத்துவதற்கு முன் மேஜையில் கிடக்கும் கத்தி அவர் கண்ணில் படுகிற இடத்தைப் பாருங்கள். பாட்டே இல்லாத அந்தச் சில வினாடிகளில் நம் மூச்சு நின்றுவிடும். 1965 ஜூலை 5 அன்று அதே அரங்கில் அதே பாத்திரம். நான்கு நாள் பாட வேண்டியதில் டாக்டர்கள் தடுத்து, ஒரு நாள் மட்டும் பாடினார். மேடையில் அவர் பாடிய கடைசி ஓப்பரா அது. 1973, 74இல் பாடகர் ஜூசெப்பே தி ஸ்டெஃபனோவோடு செய்த கச்சேரிப் பயணத்தைக் கேட்கச் சொல்லி நான் யாரையும் தூண்டுவதில்லை. அது ஜப்பானின் சப்போரோவில் 1974 நவம்பரில் முடிந்தது. 1977 செப்டம்பர் 16, பாரிஸ், மாரடைப்பு. வயது 53.

ஆக என் பதில்: சின்ன வயதிலேயே பெரிய பாத்திரங்கள், எதிரெதிரான இரண்டு வகைப் பாட்டை ஒரே தொண்டையில் பல வருஷம் ஏற்றியது, இவைதான் அடிப்படை. வேகமாக இளைத்தது அந்தத் தளர்ச்சியை முன்கூட்டியே வெளியே கொண்டுவந்திருக்கலாம். நோய் இருந்திருந்தால் அது மேலும் தள்ளியிருக்கும். நீண்ட இடைவெளி திரும்பி வரும் வழியை அடைத்தது. இந்த வரிசையில் நான் உறுதியாக நிற்பது முதல் வாக்கியத்தில் மட்டும்தான். என்னைவிடப் படித்தவர்கள் இரண்டாவதை முதலில் வைப்பார்கள். அவர்களோடு சண்டை போட மாட்டேன், 1955 'சொன்னாம்புலா'வைப் போட்டுக் காட்டுவேன்.

சரி, உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். டாக்டர் சொன்னால் குறையுங்கள். என்னிடம் படித்த ஒருவர் ஒரு வருஷத்தில் பதினான்கு கிலோ குறைத்தார், நடந்தே குறைத்தார். குரலில் எந்தச் சேதமும் இல்லை, மூச்சு கூடியது. இன்னொருவருக்குப் பிரச்சினை வந்தது. அவர் இளைக்கவே இல்லை. சிசேரியன் ஆகி இரண்டாம் மாதமே கச்சேரிக்கு ஒப்புக்கொண்டவர். வயிற்றுத் தசை பிடி கொடுக்காமல், அந்த வேலையையும் தொண்டையே செய்து, மூன்று வாரத்தில் குரல் கம்மிவிட்டது. தசைதான் விஷயம் என்று எனக்கு உறைக்க வைத்தது அந்த அனுபவம். அதனால் சாப்பாட்டைக் குறைக்கும்போது புரதத்தைக் குறைக்காதீர்கள், தசைக்கான உடற்பயிற்சியை விடாதீர்கள், பதினைந்து கிலோவுக்கு ஒரு வருஷமாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பயிற்சிக்கூடத்தில் பாரம் தூக்கும்போது மூச்சைத் தொண்டையில் அடைத்து முக்காதீர்கள். பளுவைத் தூக்கும்போது காற்றை வெளியே விடுங்கள்.

தொடங்குவதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம், ஸ்ட்ரோபோஸ்கோப் (குரல்நாண்களின் அதிர்வை மெதுவாக்கிக் காட்டும் கருவி) இருக்கிற இடமாகப் பார்த்து, குரல்நாண்களை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது சந்தேகம் வந்தால் ஒப்பிட அது உதவும். தினமும் பாடத் தொடங்கும் முன் கண்ணாடி முன் நின்று, இரண்டு கையையும் கடைசி விலாவில் வைத்து, ஸ்ஸ் என்று காற்றை விட்டுக்கொண்டே எண்ணுங்கள். விலா எத்தனையாவது எண்ணில் உள்ளே விழுகிறது என்று காலண்டரில் குறியுங்கள். எடை குறையக் குறைய அந்த எண் குறையாமல் இருக்கிறதா என்பதுதான் உங்கள் தராசு. அப்புறம், பழக்கமான ஒரே ஒரு பாட்டு, ஒரே சுருதி, போனை ஒரே தூரத்தில் வைத்து, வாராவாரம் பதிவு செய்யுங்கள். ஆறு மாதம் கழித்து முதல் வாரத்தையும் அந்த வாரத்தையும் அடுத்தடுத்துப் போட்டு, கண்ணை மூடி, விரலை அசைத்துப் பாருங்கள். விரல் அலை மாதிரி போனால் பாட்டை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு உங்கள் வாத்தியாரிடம் அந்த இரண்டு பதிவையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.